ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டால்: வயரைப் பிடுங்குவதில் தொடங்கி லேப் வரை

கும்பகோணத்தில் கல்யாண போட்டோவும் வீடியோவும் எடுப்பது என் தொழில். போன வருஷம் வைகாசி முகூர்த்தங்கள் முடிந்த கையோடு, மூன்று குடும்பங்களின் கல்யாணம் இருந்த 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே மேசையிலிருந்து கீழே விழுந்தது. எடுத்துத் திரும்பச் செருகினேன். டிக், டிக் என்று சத்தம். கழற்றிச் செருகினேன். வேறு கம்ப்யூட்டரில் செருகினேன். அன்று ராத்திரிக்குள் இருபது தடவையாவது செருகியிருப்பேன். மறுநாள் ஒரு கடையில் கொடுத்தேன். அங்கே மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஹெட் போயிடுச்சு சார், ஒண்ணும் பண்ண முடியாது" என்று திருகி மூடிக் கொடுத்தார்கள்.

அப்புறம் சென்னையில் டேட்டாவை மீட்டுத் தரும் ஒரு லேபில் ஏழு வாரம், 40,710 ரூபாய். இரண்டு கல்யாணம் முழுதாக வந்தது. மூன்றாவதில் முகூர்த்த நேரம் பதிவான பகுதி, டிஸ்க்கின் உள்ளே டேட்டா பதியும் தட்டில் விழுந்த கீறலோடு போய்விட்டது. அந்தப் பெண்ணின் அம்மாவிடம் போய் நான் சொன்னதை இன்னொருவர் சொல்ல வேண்டி வரக்கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் வயரைப் பிடுங்குங்கள்

டிஸ்க் விழுந்தாலோ, வித்தியாசமாகச் சத்தம் போட்டாலோ, ஒரு ஃபோல்டரைத் திறக்க ஐந்து நிமிடம் எடுத்தாலோ, உடனே கழற்றுங்கள். உள்ளே தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றுகின்றன. படிக்கும் ஹெட், தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. கீழே விழுந்ததில் ஹெட் வளைந்திருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் தட்டின் மேல்பூச்சைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பூச்சில்தான் உங்கள் டேட்டா இருக்கிறது. சுரண்டிய பிறகு அதை எந்த லேபும் எந்தக் காசுக்கும் திருப்பித் தர முடியாது.

பழுதான டிஸ்க் இன்னும் எத்தனை நிமிடம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. இருக்கிற நிமிடங்களைச் சோதனை பார்ப்பதில் செலவழித்துவிட்டால் காப்பி எடுக்க மிச்சம் இருக்காது. கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கின்றன.

அதனால் இவற்றை மட்டும் செய்யாதீர்கள்:

"டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று விண்டோஸ் கேட்டால், கேன்சல். "பிழையைச் சரிசெய்யவா" என்று கேட்டாலும் கேன்சல். செக் டிஸ்க் ஓட்டாதீர்கள். அது, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் ஃபைல் அமைப்பை ஒழுங்குபடுத்தும் விண்டோஸ் கருவி, டேட்டாவை மீட்கும் கருவி இல்லை. பழுதான டிஸ்க்கில் ஓட்டினால், படிக்க முடியாத பதிவுகளை அழித்துத் துண்டு துண்டாக்கிவிடும். அந்தப் பழுதான டிஸ்க்கிலேயே மீட்பு சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்வதும், மீட்ட ஃபைலை அதிலேயே சேமிப்பதும் கூடாது. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று யாராவது சொல்வார்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும், அதோடு ஹெட்டும் தட்டும் போகும். தட்டிப் பார்ப்பது, குலுக்குவது எல்லாம் இதே ரகம். மூடியை யாரும் திறக்கக் கூடாது, நீங்களும் சரி, பக்கத்துத் தெருக் கடையும் சரி. ஹெட் மிதக்கும் இடைவெளியோடு ஒப்பிட்டால் ஒரு தூசித் துணுக்கு பெரிய பாறை.

2. ஒரே ஒரு முறை செருகி, காதைக் கொடுத்துக் கேளுங்கள்

டிஸ்க் கீழே விழுந்திருந்தால் இந்தப் படியே வேண்டாம், 3-ஐ மட்டும் முடித்துவிட்டு நேராக 7-க்குப் போங்கள். விழாமல், தானாக நின்றுபோனதென்றால் மட்டும் ஒரு சோதனை. வேறு நல்ல கேபிள், கம்ப்யூட்டரின் பின்பக்க யுஎஸ்பி போர்ட், நடுவில் ஹப் எதுவும் இல்லாமல். எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளின் அந்தப் பட்டையான கேபிள் முனை லூசாகிப் போவது மிகச் சாதாரணம். கேபிளை மாற்றியதும் உயிர்பெற்ற டிஸ்க்குகளை நானே பார்த்திருக்கிறேன்.

டிக் டிக் என்று சீராகச் சத்தம் வந்து பிறகு நின்றுவிட்டால், பெரும்பாலும் ஹெட் பழுது. பத்து விநாடிக்கு மேல் விடாதீர்கள். கழற்றிவிட்டு லேப்தான்.

பீப் மாதிரி மெல்லிய ஒலி வந்து சுற்றாமல் இருந்தால், ஹெட் தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம், மோட்டார் இறுகியிருக்கலாம். போர்ட்டில் பவர் போதாவிட்டாலும் இப்படி வரும் என்பதால்தான் பின்பக்க போர்ட்டைச் சொன்னேன். அதிலும் அதே ஒலி என்றால் லேப்.

சத்தமும் இல்லை, கையில் அதிர்வும் இல்லை என்றால், எலக்ட்ரானிக் போர்டில் கோளாறு இருக்கலாம். தனி அடாப்டர் உள்ள பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளுக்கு வேண்டியது 12 வோல்ட். அவசரத்தில் லேப்டாப்பின் 19 வோல்ட் சார்ஜரைச் செருகிவிடுவது அடிக்கடி நடக்கும் விபத்து. அப்படியானால் டேட்டா பத்திரமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஏனென்றால் போர்டிலுள்ள பாதுகாப்பு டயோடு அடியைத் தாங்கிக்கொண்டு செத்திருக்கும். ஆனால் "அதே மாடல் போர்டு வாங்கி மாட்டினால் சரியாகும்" என்பதை நம்பி ஆன்லைனில் போர்டு வாங்காதீர்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தொழிற்சாலையில் தனியாக எடுத்த அளவீடுகள் போர்டிலுள்ள ரோம் சிப்பில் இருக்கின்றன. அந்தத் தகவலைப் புது போர்டுக்கு மாற்றாமல் டிஸ்க் ஓடாது. சால்டரிங் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை இது.

சத்தம் சாதாரணமாக இருந்து, கம்ப்யூட்டரும் டிஸ்க்கைச் சரியான அளவோடு காட்டினால் 3-ஐ முடித்துவிட்டு 4-ஆம் படிக்குப் போகலாம்.

இங்கே ஒரு பொறி. எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் பெட்டியை உடைத்து, உள்ளிருப்பதை நேராக கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கலாம் என்று தோன்றும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட் போன்ற பலவற்றில் உள்ளே சாட்டா முனையே (டிஸ்க்கை கம்ப்யூட்டருக்குள் நேராக மாட்டும் முனை) கிடையாது, யுஎஸ்பி முனை போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். நீங்கள் பாஸ்வேர்டு போடாவிட்டாலும் பல மாடல்களில் டேட்டாவை அந்த போர்டு என்கிரிப்ட் செய்துதான் (வேறு எதிலும் படிக்க முடியாதபடி பூட்டித்தான்) எழுதுகிறது. அதனால் போர்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வகை) என்றால் சத்தம் எதுவும் இருக்காது. அதில் ஃபைலை அழித்துவிட்டால் டிரிம் என்ற வசதி அந்த இடத்தைச் சீக்கிரமே காலியாக்கிவிடும். தவறி அழித்திருந்தால் உடனே பவரை நிறுத்துவது ஹார்ட் டிஸ்க்கைவிட இதில் அவசரம்.

3. அதே ஃபைல் வேறு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்

காசு செலவழிக்கும் முன் ஒரு நாள் இதற்கு ஒதுக்குங்கள். மெயிலில் அனுப்பியவை, கூகுள் டிரைவ், வாட்ஸ்அப்பில் போனவை, பழைய லேப்டாப், ஆல்பம் அச்சிட்ட லேப். கேமரா வைத்திருப்பவர்களுக்கு மெமரி கார்டுதான் முதல் இடம். கார்டை ஃபார்மட் செய்துவிட்டோமே என்று விட்டுவிடாதீர்கள். கேமரா செய்யும் ஃபார்மட் பெரும்பாலும் அட்டவணையை மட்டும்தான் துடைக்கிறது. அதற்கு மேல் புதிதாக எதுவும் எடுக்காமல் இருந்தால், ஃபோட்டோரெக் என்ற இலவச சாஃப்ட்வேர் படங்களைத் தேடி எடுத்துவிடும். எனக்கு மூன்றாவது கல்யாணத்தின் முகூர்த்தம் வீடியோவாகப் போனாலும், தம்பி பிடித்த இரண்டாவது கேமராவின் கார்டு பையிலேயே கிடந்ததால் 140 படங்கள் கிடைத்தன. இந்த யோசனை எனக்கு ஐந்தாவது வாரத்தில்தான் வந்தது. அதற்குள் முதல் கேமராவின் கார்டில் வேறு இரண்டு விசேஷம் எடுத்து முடித்திருந்தேன்.

எது கிடைக்கவே இல்லையோ, அதை ஒரு பட்டியலாக எழுதுங்கள். ஃபோல்டர் பெயர், தோராயமான அளவு, எது முதலில் வேண்டும் என்ற வரிசை. வீட்டிலேயே செய்தாலும் லேபுக்குப் போனாலும் இந்தத் தாள் வேண்டும்.

4. டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள்

விண்டோஸில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். திறந்ததும் நீலம், மஞ்சள், சிவப்பு என்று காட்டும். நிறத்தைவிட மூன்று வரிகள் முக்கியம்: 05, சி5, சி6. வேறு சாஃப்ட்வேரில் இவையே 5, 197, 198 என்று இருக்கும். 05 என்பது பழுதாகி மாற்றிவைத்த செக்டார்கள் (டேட்டா பதியும் சின்னச் சின்னக் கட்டங்கள்). சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை. சி6 என்பது திருத்தவே முடியாதவை. இந்த மூன்று வரிகளின் கடைசிக் கட்டத்திலும் பூஜ்யமாக இருந்தால் டிஸ்க் பெரும்பாலும் நலம், கோளாறு ஃபைல் அமைப்பிலோ கேபிளிலோ இருக்கும். சி7 (டேட்டா கேபிள் வழியாகப் போகும்போது வந்த பிழைகள்) மட்டும் ஏறியிருந்தால் கேபிளைத்தான் சந்தேகப்பட வேண்டும். சி5-இல் எண் இருந்தால் பேட் செக்டார் இருக்கிறது, அடுத்த படியைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஒரு போட்டோ எடுத்துவிட்டு டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். இதே சாஃப்ட்வேர்களில் இருக்கும் முழு ஸ்கேன், சர்ஃபேஸ் டெஸ்ட் பக்கம் போக வேண்டாம்.

5. கிளோன் எடுங்கள்

என் டிஸ்க்குக்கு இந்த வாய்ப்பு இல்லாமல் போனது. ஆனால் அடுத்த நாலாவது மாதம் மச்சானின் ஜவுளிக்கடைக் கணக்கு இருந்த 1 டிபி டிஸ்க் மெதுவாகத் தொடங்கியபோது, அவர் உடனே கழற்றி என்னிடம் கொண்டுவந்தார். அதை வீட்டிலேயே மீட்டோம்.

ஃபைல் ஃபைலாக இழுத்துக் காப்பி எடுக்காதீர்கள். ஹெட் அங்கும் இங்கும் அலையும், ஒரு பேட் செக்டாரில் மாட்டினால் விண்டோஸ் அதையே திரும்பத் திரும்பப் படிக்க முயலும். கிளோன் என்றால் முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு மாற்றுவது. அதற்கு டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் (விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம்) கருவியைவிட நல்லது இலவசமாக எனக்குத் தெரிந்து இல்லை. படிக்க எளிதான பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, சிக்கலான இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து துருவும்.

தேவையானவை: பழைய டிஸ்க்கின் அளவுக்குச் சமமான அல்லது பெரிய புது டிஸ்க் (நான் வாங்கியபோது 2 டிபி சுமார் 7,000 ரூபாய்), உள்டிஸ்க் என்றால் சாட்டாவிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டர் (எனக்கு 650 ரூபாய் ஆனது), இரண்டு பென் டிரைவ், யுபிஎஸ். ஒரு பென் டிரைவில் சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸைப் போட்டு அதிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்புங்கள். டிடிரெஸ்க்யூ அதிலேயே இருக்கிறது. இன்னொரு பென் டிரைவ் மேப் ஃபைலுக்கு.

அந்த மேப் ஃபைல் மிக முக்கியம். எதுவரை படித்தாயிற்று என்று அதில்தான் குறித்துவைக்கிறது. அது இருந்தால் நடுவில் நிறுத்திவிட்டு மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பென் டிரைவில் எழுப்பிய லினக்ஸின் ஹோம் ஃபோல்டரிலேயே அதைச் சேமித்தால், கரண்ட் போனதும் அதுவும் போய்விடும். முதல் நாள் எங்களுக்கு அப்படித்தான் ஐந்து மணி நேரம் வீணானது.

கட்டளையில் முதலில் பழைய டிஸ்க், அடுத்து புது டிஸ்க், கடைசியில் மேப் ஃபைல். இந்த வரிசை மாறினால் காலி டிஸ்க்கை எடுத்து உங்கள் டேட்டா மேல் எழுதிவிடும். எந்த டிஸ்க் எது என்பதை, மேலே ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரோடு திரையில் வருவதை ஒப்பிட்டு, பக்கத்தில் ஒருவரை வைத்துச் சத்தமாகப் படித்துச் சரிபார்த்துவிட்டு எண்டர் தட்டுங்கள். முதல் ஓட்டத்தில் துருவும் வேலை வேண்டாம் என்று சொல்லும் நோ ஸ்க்ரேப் ஆப்ஷனைச் சேர்த்து, அது முடிந்த பிறகு இரண்டாவது ஓட்டத்தில் அதை எடுத்துவிடுங்கள்.

நேரம்: நல்ல டிஸ்க்கில் விநாடிக்கு 100 எம்பி வேகம் என்றால் 1 டிபிக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. யுஎஸ்பி 2 போர்ட் என்றால் எட்டு மணி நேரம் ஆகும். பழுதான டிஸ்க்கில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. மச்சானின் டிஸ்க்கில் 93 சதவீதம் முதல் ஏழு மணி நேரத்தில் வந்தது. மிச்சத்துக்கு இரண்டரை நாள். கடைசியில் 40 எம்பி அளவுக்குத்தான் படிக்க முடியவில்லை. டிஸ்க் சூடாகும், மேசை ஃபேனை அதன் பக்கம் திருப்பி வையுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது சத்தம் மாறினாலோ, எங்கு போனாலும் வேகம் சில கேபிக்கு இறங்கினாலோ நிறுத்திவிட்டு லேபுக்குப் போங்கள். மேப் ஃபைலையும் அரைகுறை கிளோனையும் கையோடு எடுத்துப் போகலாம்.

6. கிளோனிலிருந்து ஃபைலை எடுங்கள்

பழைய டிஸ்க்கை ஒரு கவரில் போட்டு அலமாரியில் வைத்துவிடுங்கள். இனி எல்லா வேலையும் கிளோனில்தான். பல நேரம் கிளோனைச் செருகியதுமே ஃபோல்டர்கள் அப்படியே தெரியும், காப்பி எடுத்துக்கொள்ளலாம். பார்டிஷன் (சி, டி என்று தெரியும் டிஸ்க்கின் பிரிவு) காணோம் என்றால் டெஸ்ட்டிஸ்க் என்ற சாஃப்ட்வேர். ஃபைல் அமைப்பு சிதைந்திருந்தால் டிஎம்டிஈ, ஆர்-ஸ்டுடியோ போன்றவை பெயரோடும் ஃபோல்டரோடும் எடுத்துத் தரும். காசு கட்டும் முன் இலவசப் பதிப்பில் உங்கள் ஃபோல்டர்கள் தெரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். ஃபோட்டோரெக்கைக் கடைசிக்கு வையுங்கள், அது எல்லாவற்றையும் பெயர் இல்லாமல் எண்ணாகக் கொட்டும். துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்ட நீள வீடியோக்கள் அதில் சரியாக வராது.

பெயரும் அளவும் சரியாக இருப்பதால் ஃபைல் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். படிக்க முடியாத இடங்கள் கிளோனில் வெற்றிடமாகத்தான் இருக்கும். முக்கியமானவற்றைத் திறந்து பாருங்கள்.

பிட்லாக்கர் (விண்டோஸின் என்கிரிப்ஷன் பூட்டு) போட்ட டிஸ்க் என்றால் 48 இலக்க மீட்பு எண்ணோ, நீங்கள் போட்ட பாஸ்வேர்டோ இல்லாமல் எதுவும் நடக்காது. புது விண்டோஸ் லேப்டாப்களில் என்கிரிப்ஷன் நமக்குத் தெரியாமலே ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து தேடினால் பெரும்பாலும் அந்த எண் இருக்கும்.

7. லேபில் கொடுப்பது

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையும் டேட்டா ரெக்கவரி லேபும் ஒன்றல்ல. சென்னை ரிச்சி தெருவில் நல்ல மெக்கானிக்குகள் உண்டு, போர்டு வேலைக்கு நானே போயிருக்கிறேன். ஆனால் ஹெட் மாற்ற, தூசியில்லாத காற்று ஓடும் இடமும் அதற்கான கருவிகளும் வேண்டும். "டிஸ்க்கை எங்கே திறப்பீர்கள், உங்களிடமேவா, வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். அந்த இடத்தைக் காட்டத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

சென்னையில் நான்கு இடங்களில் எனக்குச் சொன்ன விலை இது. ஃபைல் அமைப்புக் கோளாறுக்கு 4,000 முதல் 9,000 வரை. பேட் செக்டாருக்கு 8,000 முதல் 15,000. ஹெட் மாற்ற 25,000 முதல் 45,000. இதற்கு மேல் டோனர் டிஸ்க்கின் விலை, 18 சதவீத ஜிஎஸ்டி. டோனர் என்றால் ஹெட்டைக் கழற்றி எடுக்க வாங்கும் அதே வகை டிஸ்க், மாடல் மட்டும் ஒத்தால் போதாது. எனக்கு வேலைக்கு 28,000, டோனருக்கு 6,500, ஜிஎஸ்டி 6,210 ஆனது. ஏற்கெனவே திறந்த டிஸ்க் என்று ஓர் இடத்தில் கையில் வாங்கவே மாட்டேன் என்றார்கள்.

ஏழு வாரத்தில் பரிசோதனைக்கு நான்கு நாள். டோனர் கிடைக்க மட்டும் ஒரு மாதம். மிச்சம்தான் படித்து எடுக்கும் வேலை. ஹெட் பழுது இல்லாத வேலைகள் மூன்று, நான்கு நாளில் முடிந்துவிடும் என்றார்கள்.

"டேட்டா வரவில்லை என்றால் காசு இல்லை" என்ற பலகையை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். டோனர் விலையும் பரிசோதனைக் கட்டணமும் அதில் சேருமா, பாதி டேட்டா வந்தால் எவ்வளவு, டிஸ்க்கைத் திருப்பித் தரக் காசு கேட்பார்களா, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்ன விலை செல்லாது, பரிசோதனைக்குப் பிறகு தரும் கொட்டேஷன்தான் விலை. நீங்கள் சம்மதம் சொல்லும் முன் மூடியைத் திறக்கக் கூடாது என்பதையும் ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை நகல், டிஸ்க் வாங்கிய பில், சீரியல் நம்பர் தெரியும்படி எடுத்த போட்டோ, 3-ஆம் படியில் எழுதிய பட்டியல், என்கிரிப்ஷன் எண் அல்லது பாஸ்வேர்டு, எக்ஸ்டர்னல் டிஸ்க் என்றால் அதன் பெட்டியும் போர்டும் கேபிளும். அலுவலக டிஸ்க் என்றால் லெட்டர்பேடில் ஒரு சம்மதக் கடிதம். வீடியோக்காரர்கள் அதே கேமராவில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றையும் கொடுங்கள், உடைந்த ஃபைலைச் சரிசெய்ய அது மாதிரியாக உதவும். விழுந்தது, திறந்தது, செக் டிஸ்க் ஓட்டியது எதையும் மறைக்காதீர்கள். அடுத்தவர் வீட்டுப் படங்கள் இருந்தால் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள்.

கூரியரில் அனுப்புவதென்றால் ஆன்டிஸ்டாட்டிக் கவர், அதைச் சுற்றி இரண்டு விரல் கனத்துக்கு பபிள் ராப், ஆடாத அட்டைப்பெட்டி. நான் பஸ்ஸில் மடியில் வைத்துத்தான் கொண்டுபோனேன்.

8. வாங்கும்போது

மீதிப் பணத்தைக் கட்டும் முன் லேபிலேயே உட்கார்ந்து பாருங்கள். ஃபைல் பட்டியலைக் காட்டுவார்கள். பட்டியலில் பெயர் இருந்தும் உள்ளே ஒன்றுமில்லாத ஃபைல்கள் இருக்கும். உங்கள் தாளில் முதலில் எழுதிய பத்தைத் திறக்கச் சொல்லுங்கள், வீடியோவை நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். எனக்கு இதற்கு இரண்டு மணி நேரம் ஆனது, அவர்கள் முகம் சுளிக்கவில்லை.

டேட்டாவைப் புது டிஸ்க்கில் வாங்கி, வீட்டுக்கு வந்த அன்றே இன்னொரு டிஸ்க்கில் காப்பி போடுங்கள். லேபில் அவர்கள் வைத்திருக்கும் நகலை எத்தனை நாளில் அழிப்பார்கள் என்று கேளுங்கள். குறைகளைச் சொல்ல உங்களுக்கு இருக்கும் கெடு அதுதான். பழைய டிஸ்க்கையும் டோனரையும் கேட்டு வாங்குங்கள்.

வாரண்டி இருக்கிறதே என்று பழைய டிஸ்க்கை முன்னாலேயே கம்பெனிக்கு அனுப்பிவிடாதீர்கள். வாரண்டியில் வருவது வேறொரு காலி டிஸ்க், உங்களுடையது திரும்பி வராது. சில சீகேட் டிஸ்க்குகளுக்கு ரெஸ்க்யூ என்ற டேட்டா மீட்புச் சேவை சேர்ந்தே வருகிறது. லேபுக்குப் பஸ் ஏறும் முன் பெட்டியில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.